பத்திரமா வெச்சிக்கோ என்று சொன்னேன்

மும்தாஜ் அன்று காலை மாடில்லாமல் வந்தாள். கைக்குட்டையில் எதையோ முடிந்து பிடித்திருந்தாள். நான் மாட்டாஸ்பத்திரி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"பெரிம்மா, மாடு பூட்ச்சு," என்றாள்.

முந்தின நாள் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டியிருந்த சோற்றை அந்த மாடு வயிறு முட்டத் தின்றிருந்தது. மாட்டு வயிற்றில் அவ்வளவு சோறு போனால் புளித்து விஷமாகிவிடும். டாக்டரம்மா அவள் வீட்டுக்கே போய் சோடா உப்புக் கரைத்து ஊற்றி, பாட்டில் ஏற்றி, ஆன மட்டும் பார்த்தார். விடியும்போது செத்துவிட்டது.

"அழாத. இன்சூரன்ஸ் கீது இல்ல?" என்றேன்.

"அதுக்குத்தான் இத எடுத்தாந்தேன்." கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் காது வில்லை. நம்பர் அழியாமல் புதுசாகவே இருந்தது. "நீ சொன்னா மாதிரி பத்திரமா வெச்சிருந்தேன் பெரிம்மா. பீரோல, ரேஷன் கார்டோட."

என் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். அந்த வில்லை மாட்டின் காதில் இருக்க வேண்டியது.

1. நான் முகாமில் பேசியது

நான் ஐந்தாவது வரை படித்தவள். கேளம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற கால்நடை மருந்தகத்தில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனேன். பெருக்குவது, மாட்டைக் கூண்டில் நிறுத்திப் பிடிப்பது, வெந்நீர் வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. பேச்சு எனக்கு வராது. யாராவது பெரியவர்கள் வந்தால் மருந்து ரூமுக்குள் போய் நின்றுகொள்வேன்.

டாக்டரம்மா தெற்கே இருந்து வந்தவர். சின்ன வயது. காது வில்லை போடுகிற முகாம் நடந்தபோது அவர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அரசாங்கம் மாட்டு இன்சூரன்சுக்குப் பெரும்பங்கு பணம் கட்டுகிறது, அதற்கு மாட்டுக்கு வில்லை வேண்டும் என்று சொல்லி, பெண்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து விளக்கினார்.

"இது பன்னிரண்டு இலக்க அடையாள எண். தடுப்பூசி, சினை ஊசி, காப்பீடு எல்லாம் இந்த எண்ணில்தான் பதிவாகும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் அடுத்த மாட்டிடம் போனதும் என் புடவையை இழுத்தார்கள்.

"கன்னிம்மா, இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

நான் சொன்னேன்: "நமக்கு ஆதார் கீது இல்ல? மாட்டுக்கு இது ஆதார். பத்திரமா வெச்சிக்கோ. தொலஞ்சா ஒண்ணும் கெடைக்காது."

"அட, இப்டி சொன்னா புரியுது," என்றார்கள். டாக்டரம்மா காதிலும் அது விழுந்திருக்கிறது. "நீங்க சொன்னா புரியுதும்மா, இனிமே நீங்களே சொல்லுங்க," என்று சிரித்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்று சாயந்தரம் வரை வந்த எல்லாரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நன்றாக இருந்தது.

2. ஒரு கையெழுத்து

அன்றே மும்தாஜ் வீட்டுக்கு டாக்டரம்மா போஸ்ட்மார்ட்டம் செய்யப் போனார். கூட நான். பால் சங்கத்துச் செயலாளரும் வந்திருந்தார். மும்தாஜ் அவருடைய சங்கத்துக்குத்தான் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே மாடு. அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்தப் பணம் வண்டிக்கும் வாடகைக்கும் போய்விடும். மாடுதான் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி அவசரத்தில் கவனிக்காத காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார். "வில்லையை ஏன் கழட்டுனீங்க?"

மும்தாஜ் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வில்ல போட்ட புண்ணுல எறும்பு மொய்ச்சிது மேடம். நானாத்தான் பாக்குவெட்டில நறுக்கி எடுத்தேன்."

என் பேரை அவள் சொல்லவில்லை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச மாதம்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை.

செயலாளர் டாக்டரம்மாவை ஓரமாக அழைத்தார். ஓரம் என்றாலும் அவர் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

"மேடம், ரெண்டு நிமிஷ வேல. வில்லைய கம்பி வெச்சு காதுல கட்டுவோம், ஒரு போட்டோ புடிப்போம். நீங்க காதுலயே இருந்துச்சுன்னு ஒரு கையெழுத்து போடுங்க. மாடு எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

"மாடு சொல்லாது சார். நான்தான சொல்லணும். கையெழுத்துக்குக் கீழ என் நம்பரும் போடணும்."

"இன்னா நம்பரு?"

"வெட்னரி கவுன்சில்ல குடுத்த பதிவு நம்பர். அது இருக்கறதாலதான் நான் டாக்டர். பொய் சர்டிபிகேட் குடுத்தா அத எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் நான் ஊசி போட்டா நானும் போலி டாக்டர்தான்."

"அப்ப உங்களுக்கும் காதுல மாட்டி வுட்டுகீறாங்கன்னு சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுதியது உள்ளதைத்தான். காதில் வில்லை இல்லை. வில்லை இருந்த ஓட்டை ஆறிய தழும்போடு இருக்கிறது. வெட்டிய வில்லை மாட்டுக்காரரிடம் இருக்கிறது. செயலாளரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மும்தாஜுக்கு மாடு வர வேண்டும் என்றுதான் அவரும் பார்த்தார்.

நாங்கள் கிளம்பும்போது மும்தாஜ் என்னிடம் சொன்னாள். "இன்சூரன்ஸ் வர்லன்னா மெயின் ரோட்டு பிளாட்டுக்கு வூடு பெருக்கத்தான் போவணும் பெரிம்மா." நானும் பெருக்குகிறவள்தான் என்பது அவள் நினைவில் இல்லை. முப்பது வருஷம் பெருக்கினவளுக்குத் தெரியும், சொந்த மாடு வைத்திருந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று.

3. வீடு வீடாக

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் முகாமுக்கு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். முக்கால்வாசிப் பேர் வில்லையைக் காதிலேயே விட்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்காதவர்கள் பிழைத்தார்கள். நாலு வீட்டில் கழற்றியிருந்தார்கள். ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒருத்தி மாட்டுக் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தாயத்து மாதிரி கட்டியிருந்தாள். இன்னொருத்தி பீரோ சாவியோடு கோத்து இடுப்பில் சொருகியிருந்தாள். கோயில் தெருவில் ஒரு ஆள் அதை லாமினேஷன் போட்டு வைத்திருந்தார்.

"தண்ணி பட்டா நம்பரு அழிஞ்சிடும் இல்ல? நீதானே பத்திரம்னு சொன்ன," என்று பெருமையாகக் காட்டினார்.

அந்த நாலு மாடும் உயிரோடு இருந்தன. புது வில்லை போட்டுக்கொள்ளலாம். மும்தாஜ் மாட்டுக்குத்தான் அந்த வழி இல்லை.

4. இன்சூரன்ஸ்காரர் வந்த நாள்

அவர் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வந்தார். மருந்தகத்தில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். மும்தாஜ் எதிரே நின்றாள். நான் மருந்து ரூம் கதவருகே.

"வில்லை காதுல இல்லன்னா கிளைம் கெடையாதும்மா. பாலிசிலயே போட்ருக்கு. படிக்கலையா?"

"எனக்கு அவ்ளோ படிக்கத் தெரியாது சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. நல்ல மாட்ட வித்துட்டு, வேற எதையோ காட்டி, இதான் செத்துச்சுன்னு வில்லைய நீட்டுறாங்க. நாங்க பாக்காததா?"

மும்தாஜ் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா, "ஓட்டை பழைய ஓட்டைதான் சார், நான் எழுதியிருக்கேன்," என்றார். இன்சூரன்ஸ்காரர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கதவை விட்டுவிட்டு முன்னால் வந்தேன். "நான்தான் சார் சொன்னேன்."

"இன்னாம்மா சொன்னீங்க?"

"பத்திரமா வெச்சிக்கோன்னு. ஆதார் மாதிரின்னு. ஆதார யாரு சார் காதுல மாட்டிகினு திரிவாங்க? பீரோலதான் வெப்பாங்க."

"நீங்க யாரு?"

"இங்க பெருக்கறேன்."

"பெருக்கறவங்க சொன்னதக் கேட்டா கழட்டுனாங்க?"

"வுடு பெரிம்மா," என்றாள் மும்தாஜ். "நானாத்தான் சார் கழட்டுனேன்."

"நீ சும்மா இரு," என்றேன் அவளிடம். அவரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். "இவ ஒருத்தி இல்ல சார். இன்னும் நாலு வூட்ல கழட்டிகீறாங்க. அந்த மாடெல்லாம் நல்லா கீது. அவங்களுக்குப் பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது? வந்து பாருங்க."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் பேச்சைக் கேட்டுத்தான் கழற்றினார்கள் என்று அவருக்கும் அதுவரை தெரியாது. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

பைக்கில் இன்சூரன்ஸ்காரர் பின்னால் உட்கார்ந்து போனேன். கறுப்புக் கயிறு கட்டின மாட்டைப் பார்த்தார். லாமினேஷனை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "என் லைசென்ஸ்கூட நான் இப்டி வெச்சதில்ல," என்றார்.

திரும்பி வந்ததும், "நான் முடிவு பண்றவன் இல்ல. நடந்தத எழுதிக் குடுங்க, சேத்து அனுப்புறேன்," என்றார்.

ஒரு பக்கம் எழுத எனக்கு வெகுநேரம் ஆனது. ஐந்தாவதுக்குப் பிறகு கையெழுத்தைத் தவிர நான் எழுதியது அதுதான். ர எங்கே, ற எங்கே என்று தெரியவில்லை. டாக்டரம்மா திருத்த வந்தார். இன்சூரன்ஸ்காரர், "அப்படியே இருக்கட்டும் மேடம், அப்பதான் நம்புவாங்க," என்றார்.

5. பிறகு

என் காகிதம் போன கையோடு, மேலதிகாரியிடமிருந்து டாக்டரம்மாவுக்கு மெமோ வந்தது. மாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியது டாக்டர், அதைப் பெருக்குகிறவரிடம் ஏன் விட்டீர்கள் என்று. என்னால் வந்த வினை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"என் பதிவு நம்பரக் காப்பாத்தத் தெரிஞ்ச எனக்கு, பேசுறது அவங்களுக்குப் புரியுதான்னு பாக்கத் தெரியலையேம்மா. மெமோ சரிதான்," என்றார். பதிலில் என் பேரை அவர் எழுதவே இல்லை.

இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வில்லை போட்ட அன்று எடுத்த போட்டோவைக் கேட்டார்கள். டாக்டரம்மா தேடி அனுப்பினார். போஸ்ட்மார்ட்டத்தில் எடுத்த போட்டோவோடு நெற்றிச் சுட்டியும் கொம்பும் ஒத்துப்போயின. அப்புறமும் இழுத்தடித்து, நான் ரிட்டயர் ஆகிற மாதத்தில்தான் கிளைம் பாஸ் ஆனது. அதுவரை மும்தாஜ் பிளாட்டுக்குப் பெருக்கப் போனாள். அதையும் சொல்ல வேண்டும்.

என் பிழை என்னவென்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் பேசியதுதான் பிழை, பேசாமலே இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அது சரியில்லை. பேசாமல் இருந்த நாளில்தான் மும்தாஜ் என் பழியைச் சுமந்தாள். என்னை நான் பெருக்குகிறவள் என்றே நினைத்திருந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொன்னது கவர்மெண்ட் சொன்னது. அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நிற்கிற யார் சொன்னாலும் அப்படித்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு என்ன விளங்கியது என்று அப்போதுதான் தெரியும்.

மும்தாஜ் புது மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தபோது டாக்டரம்மாவே உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். நான் காதைப் பிடித்திருந்தேன். வில்லை ஏறியது. மாடு ஒரு தடவை தலையை உதறியது.

"இப்ப நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

"வில்ல காதுலயே இருக்கணும். புண்ணு வந்தா மருந்து போடணும், கழட்டக் கூடாது. வுழுந்துட்டா அன்னிக்கே இங்க வந்து சொல்லணும்." மும்தாஜ் மாட்டின் கழுத்தைத் தடவினாள். "பாக்குவெட்டிய எங்க மாமியார்கிட்ட குடுத்துட்டேன் மேடம்."