ஒரு லாரிக்கு எண்பது தடவை

ஆபீஸ் அறையில் முதலாளி இருந்தார். அவருடைய மருமகள் இருந்தார். முப்பது வயதுதான், ஆனால் மில்லில் எல்லாருக்கும் அவர் ஆச்சி. சூப்பர்வைசர் இருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. பில் போடுகிற பிள்ளை இருந்தாள், சுவரை ஒட்டி. மில் கூட்டுகிற அக்கா வாசலில் நின்றார், விளக்குமாற்றைக் கீழே வைக்காமல். பிறகு நான். ஆறு பேர்.

பகல் மூன்று மணி இருக்கும். புதுவயலில் அந்த நேரத்துக்கு எந்த மில்லும் நிற்காது. அன்றைக்கு ஆச்சி மெஷினை நிறுத்தச் சொல்லியிருந்தார். சத்தம் இல்லாத மில்லில் நின்று எனக்குப் பழக்கம் இல்லை. காது அடைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பிள்ளை இன்றைக்கும் நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடி வந்து பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

நான் மூட்டை எண்ணுகிறவன். நாலாவது வரை படித்தேன். இருபத்தெட்டு வருஷம் சுமந்தேன். முட்டி போன பிறகு முதலாளி என்னை எண்ண வைத்தார். லாரிக்குப் பின்னால் நிற்பேன். ஆட்கள் அரிசி மூட்டையைத் தோளில் கொண்டுவந்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு மூட்டையும் என்னைத் தாண்டும்போது எண்ணைச் சொல்வேன். பில் போடுகிற பிள்ளை பக்கத்தில் நோட்டோடு நிற்பாள். ஐந்து மூட்டைக்கு ஒரு கோடு போடுவாள். கடைசியில் கோட்டைக் கூட்டிப் பில் போடுவாள்.

எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டோம். முதல் மூட்டைக்கு லாபம் என்போம். பிறகு ரெண்டு, மூணு, நாலு. ஐந்தாவதுக்கு நான் “அஞ்சு தங்கம்” என்பேன். பத்தாவதுக்கு “பத்து தங்கம்”. கோடு போடுகிற ஆளுக்கு அது சைகை. நீ போடு, போட்டதும் அடுத்ததைச் சொல்கிறேன் என்று. நான் சுமந்த காலத்தில் எண்ணியவர் அப்படித்தான் சொன்னார். அவரிடமிருந்து எனக்கு வந்தது. நான் எண்ணத் தொடங்கியபோது நோட்டு வைத்திருந்தவர் அறுபது வயது மீசைக்காரர். அவரும் எனக்குத் தங்கம்தான். அவர் நின்றுவிட்டார், இந்தப் பிள்ளை வந்தாள். நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மில்லில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஏற்றுகிற ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் மாப்ளே என்பார்கள். கூட்டுகிற அக்கா எல்லாரையும் சாமி என்பார். முதலாளி டிரைவர்களை அப்பு என்பார். பெயர் வருகை நோட்டில் மட்டும் இருக்கும்.

அன்றைக்குப் பேச்சு என்னைப் பற்றி இல்லை. சூப்பர்வைசரைப் பற்றி.

அவர் அந்தப் பிள்ளையைச் செல்லம் என்று கூப்பிடுவார். செல்லம், பில் ஆச்சா. செல்லம், சாப்ட்டியா. சொல்லும்போது அவள் மேசை மேல் குனிவார். வேண்டாம் என்று அவள் ரெண்டு தடவை சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கூடுதலாகச் சொன்னார். டிரைவர்கள் நிற்கும்போதும் சொன்னார். ஒருநாள் ஒரு டிரைவரும் செல்லம் என்று சொல்லிப் பில் கேட்டுவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். நாளையிலிருந்து போக வேண்டாம் என்றார்கள். ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

இதையெல்லாம் அவளே சொன்னாள்.

“இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும் ஆச்சி. தெரியலைன்னா நாளைக்கு என்னைய வீட்டுல விடமாட்டாக. எனக்கு இந்த வேலை வேணும்.”

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். “என்னப்பா?”

“பாசமாக் கூப்பிட்டேன் முதலாளி. தங்கச்சி மாதிரி. அது ஒரு குத்தமா?”

கூட்டுகிற அக்கா வாசலிலிருந்து சொன்னார். “சாருக்கு அவுக வீட்டம்மா சோறு கொண்டாருவாக. அவுகள ஒருநாள் செல்லம்னு கூப்பிட்டு நான் கேட்டதில்லையே சாமி. ‘ஏய், அங்குட்டு வச்சுட்டுப் போ’ன்னுதான் கேட்ருக்கேன்.”

முதலாளி இருமினார். ஆச்சி சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் முகம் கறுத்தது. கட்டியிருந்த கையை அவிழ்த்து என் பக்கம் நீட்டினார்.

“அப்ப இவரு? லாரிக்கு நானூறு மூட்டை. அஞ்சுக்கு ஒரு தங்கம். ஆக எண்பது தடவ. நான் எப்பயாச்சும் சொன்னாத் தப்பு, இவரு எண்பது தடவ சொன்னாத் தப்பில்லையா? மொதல்ல இவரக் கேளுங்க.”

கணக்கு சரிதான். அதுவரை நானே போட்டுப் பார்த்ததில்லை.

முதலாளிக்கு அது வசதியாகப் போனது. “அதுவும் நியாயந்தானம்மா,” என்று மருமகளிடம் சொன்னார். “மில்லுன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் கூப்பிடுறதுதான். இதையெல்லாம் பெருசு பண்ணுனா வேலை ஓடுமா?”

என்னைக் காட்டி அந்த மனிதர் தப்பிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவர் தப்பினால் பிள்ளை நாளைக்கு வரமாட்டாள். நான் ஏதாவது பேச வேண்டும். எனக்குப் பேச்சு வராது. எண்தான் வரும்.

ஆச்சி பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். “இவரு தங்கம்னு சொல்றது ஒனக்கு எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லு. எதுக்க நிக்கிறாருன்னு பாக்காத.”

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஆச்சியைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒன்றுதான் என்று அவள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

“மொத ஒரு மாசம் சங்கடமாத்தான் இருந்துச்சு ஆச்சி,” என்றாள். “வேலைய விட்டுப் போயிரலாமான்னுகூட இருந்துச்சு. அப்பறம் பாத்தேன். அண்ணன் நோட்டப் பாத்துத்தான் சொல்றாரு, என்னையப் பாத்து இல்ல. லோடு முடிஞ்சா அந்த வார்த்தையும் முடிஞ்சுரும். சார் அப்படி இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் முதலில் சொன்னது உள்ளே தங்கிவிட்டது. ஒரு மாதம் சங்கடம். எட்டு மாதமாகப் பக்கத்தில் நிற்கிறேன், தெரியவில்லை.

“நான் விட்டுர்றேன்,” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் பேசுவேன் என்று யாரும் நினைக்கவில்லை.

“இன்னையோட விட்டுர்றேன் முதலாளி. எண்ணு மட்டும் சொல்றேன். சாரும் விடட்டும். இனிமே என்னையக் காட்டிப் பேச முடியாதுல்ல.”

சூப்பர்வைசர் முதலாளியைப் பார்த்தார்.

“அவ்வளவுதான்,” என்றார் ஆச்சி. “சார், நீங்க இப்பவே களத்துப் பக்கம் போங்க. நெல்லு அவிக்கிறது, காயப்போடுறது, அதப் பாருங்க. பில்லு வேணும்னா என்கிட்டக் கேளுங்க. அந்த மேசைக்கு வராதீக. இன்னொரு தடவ என் காதுக்கு வந்துச்சுன்னா களமும் கெடையாது. சரிதான மாமா?”

முதலாளி தலையை ஆட்டினார்.

வெளியே வந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. தவிட்டுத் தூசி பழையபடி பறந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. கூட்டுகிற அக்கா பின்னாலேயே வந்தார்.

“பேசிட்டீகளேண்ணே.”

“ம்.”

“அப்ப என்னையத் தங்கம்னு கூப்பிடுறதையும் நிறுத்திருவீகளா?”

“ஒன்ன என்னைக்குக் கூப்பிட்டேன்?”

“அதத்தான் சொல்றேன். நிறுத்துறதுக்குக்கூட எனக்கு ஒண்ணும் கெடையாது சாமி.” கூட்டிக்கொண்டே போய்விட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

நாலரை மணிக்கு ஒரு லாரி வந்தது. எண்ணத் தொடங்கினேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. வாய் இன்னொரு வார்த்தைக்குத் திறந்தது. மூடினேன். அதற்குள் ஆறாவது மூட்டை தாண்டியது. ஆறு என்றேன். பத்திலும் அப்படி. பதினைந்திலும் அப்படி.

நான் தங்கம் என்கிற நேரத்தில்தான் அவள் கோடு போட்டு வந்திருக்கிறாள். ஏற்றுகிற ஆட்களும் அந்த நேரத்துக்குத்தான் ஒரு நொடி நின்று வந்திருக்கிறார்கள். வார்த்தை போனதும் அந்த இடம் போய்விட்டது. ஆட்கள் நிற்காமல் வந்தார்கள். அவள் கை பின்தங்கியது.

முடிந்ததும் நோட்டில் எழுபத்தெட்டு கோடு. முந்நூற்றுத் தொண்ணூறு மூட்டை. டிரைவர் நானூறு என்றார். நானும் நானூறு என்றேன். பத்து மூட்டை நோட்டில் இல்லை. மேல் அடுக்குகளை இறக்கி மறுபடி எண்ணினோம். நானூறுதான் இருந்தது.

ஏற்றுகிற ஆட்களில் ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “ஒரு தங்கத்த நிறுத்துனதுக்கு எங்க இடுப்பு போச்சேண்ணே.”

மற்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. களத்தில் நின்ற சூப்பர்வைசர் கேட்கிற மாதிரியே சிரித்தார்.

முதலாளி வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். “நாளைக்கும் இப்படித் தப்புச்சுன்னா நோட்ட வேற ஆளுகிட்டத்தான் குடுக்கணும்மா,” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவள் சரி என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதரால் போகாத வேலை என்னால் போகப் பார்த்தது. அதுவும் நான் அவளுக்காக விட்ட வார்த்தையால்.

சாயங்காலம் வீட்டில் காப்பி குடிக்கும்போது நடந்ததைச் சொன்னேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“எண்பது தடவையா?” என்றாள்.

“ம்.”

“கலியாணமாயி முப்பத்தோரு வருசம். இங்குட்டு ஒண்ணுகூட வந்து சேரலையே.”

நான் காப்பியைக் குடித்தேன். கூட்டுகிற அக்கா சூப்பர்வைசருக்குச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் போல.

மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. ஆட்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை நோட்டோடு என் பக்கம் வந்தாள்.

“அண்ணே, பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க அஞ்சுன்னு சொல்லிட்டு நில்லுங்க. நான் கோடு போட்டுட்டு ‘போட்டாச்சு’ங்கிறேன். அதுக்கப்பறம் நீங்க ஆறு சொல்லுங்க.”

“ஆளுக நிக்கணுமே.”

“என் சத்தத்துக்கு நிக்கட்டும்.”

“மெஷின் ஓடுது. கேக்காது.”

“கத்துறேன்.”

எட்டு மாதத்தில் லோடு ஏறும்போது அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. நான் சொல்வேன், அவள் போடுவாள். அவ்வளவுதான்.

லாபம் என்றேன். ரெண்டு, மூணு, நாலு. அஞ்சு என்று சொல்லி நின்றேன்.

“போட்டாச்சு,” என்றாள்.

நல்ல சத்தம். முதல் ஆள் திகைத்து நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் மேல் இடித்தான். ஆறு என்றேன். நகர்ந்தார்கள்.

“போட்டாச்சாம்ல மாப்ளே,” என்றான் நேற்று இடுப்பைப் பிடித்தவன்.

“வாய் பேசாம வாங்கண்ணே,” என்றாள் அவள். “மேல் அடுக்க இறக்கணுமா இன்னைக்கும்?”

“வேணாந்தாயி,” என்று சொல்லிவிட்டு அவன் ஒழுங்காக வந்தான்.

நாற்பதில் என் வாய்க்குப் பழைய வார்த்தை பாதி வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அவளுக்குக் கேட்டிருக்கும். நோட்டைப் பார்த்தபடியே சிரித்தாள். “போட்டாச்சு,” என்றாள்.

நூறுக்கு மேல் எல்லாருக்கும் பழகிவிட்டது. நான் சொல்வேன், அவள் சொல்வாள், ஆட்கள் ஒரு நொடி நிற்பார்கள். போன இடம் திரும்பி வந்துவிட்டது. இப்போது அது அவள் குரலில் இருந்தது. என் நெஞ்சில் முந்தின நாளிலிருந்து கிடந்த பாரம் அப்போதே பாதி இறங்கிவிட்டது. களத்தில் சூப்பர்வைசர் நெல்லைக் கிளறச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. ஆச்சி ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார்.

கடைசி மூட்டை என்னைத் தாண்டியது. எண்ணைச் சொன்னேன்.

“போட்டாச்சு,” என்றாள்.

நோட்டை முதலாளியிடம் கொடுத்தாள். அவர் விரலை வைத்துக் கோடுகளை எண்ணினார். ரெண்டு தடவை எண்ணினார். நோட்டை மூடி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். டிரைவர் தன் கணக்கைச் சொன்னார்.

நானூறு.