ஜன்னல் ஒன்று, தொட்டி ஒன்பது

செடி விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம், சரக்கு வாயைத் திறக்காது. ஒரு சங்கடம், அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் திறப்பார்கள்.

திருவொற்றியூரில் எனக்கு ஒரு சின்ன செடிக் கடை. ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் மாவு மில். விற்பதோடு விடுவதில்லை, வீடுகளுக்கே போய் எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று பார்த்து, வைத்தும் கொடுப்பேன். நம் பக்கத்து வீடுகள் உங்களுக்குத் தெரியும். பால்கனி என்று ஒன்று இருந்தால் அதில் வாஷிங் மெஷினும் காலி சிலிண்டரும் கால் உடைந்த நாற்காலியும் ஏற்கெனவே குடியேறியிருக்கும். மிச்சம் இருக்கிற சாண் இடத்தில் ஒரு காடு வேண்டும் என்பார்கள். தொட்டியை நகர்த்தி நகர்த்தி இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி.

நடக்கிற செடி

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டின வீடு. கலா என்ற பெண்ணுக்கு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிமென்ட் திட்டில் குரோட்டன்ஸ் வரிசையாக வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் போன். "செடி நடக்குதுக்கா" என்றாள். சுவரோரம் வைத்த தொட்டி காலையில் பார்த்தால் விளிம்பில் வந்து நிற்கிறதாம். கீழே இஸ்திரி வண்டி. அங்கே எப்போதும் இரண்டு பேராவது நிற்பார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய் நிற்கவும் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. திட்டில் கை வைத்தால் உள்ளங்கை கூசுகிறது. ஒவ்வொரு பெட்டி கடக்கும்போதும் தொட்டி நூலளவு முன்னால் வருகிறது. மறுபடி கடைக்கு வந்து, சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கிப் போய், துண்டு துண்டாக வெட்டித் தொட்டிகளுக்கு அடியில் போட்டேன். கம்பியால் ஜன்னல் கிரில்லோடு கட்டியும் வைத்தேன். அடுத்த கூட்ஸுக்கு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் அசையவில்லை. கலா மிச்ச டியூப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இத எங்க வூட்டுக்காரருக்கு அடியில வெக்க முடியுமாக்கா? ஞாயித்துக்கெழமையானா ஒரு எடத்துல நிக்க மாட்றாரு."

தினம் ஒரு செம்பு

வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். வெயில் எட்டிப் பார்க்காத கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதாவது வேண்டும் என்றார். ஸ்நேக் பிளான்ட் கொடுத்து, "மண்ணு நல்லாக் காஞ்ச பெறகுதான் தண்ணி ஊத்தணும் அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தேன். அது அழுகிவிட்டது. வேறு கொடுத்தேன். அதுவும் அழுகியது. விசாரித்தால், காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் ஒரு செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் கல்லாவைத் திறக்கிறார். "உயிருள்ளதப் பட்டினி போட்டுட்டு எப்படிம்மா யாவாரம் பாக்க?" என்றார். அந்த மனசோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

மூன்றாவது தடவை ஸ்நேக் பிளான்ட் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் மணி பிளான்ட்டை வைத்தேன். தண்ணீரிலேயே வளர்கிற செடி. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தச் செம்புத் தண்ணீரை இதற்கு ஊற்றச் சொன்னேன். அடுத்த மாதம் போனபோது இரண்டும் செழிப்பாக இருந்தன. அண்ணாச்சிக்குத்தான் முழுத் திருப்தி இல்லை, குடுவையைத் தொட்டுக் காட்டினார். "இது எம்மேல பிரியமா இருக்கு. ஆனா அந்தா நிக்கே, அது என்னையத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு."

காத்திவாக்கத்து உரம்

காத்திவாக்கத்தில் தேவகி என்ற மீன்காரம்மா. உப்புக்காற்றில் இலை நுனியெல்லாம் கருகிப் போகிறது என்று வருத்தப்பட்டார். நான் கொடுத்திருந்த தொட்டியை வாசலிலிருந்து சுவர் மறைவுக்கு மாற்றினேன். ஈரத்துணியால் இலைகளைத் துடைக்கக் காட்டிக் கொடுத்தேன். அத்தோடு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், "மீன் கழுவின தண்ணி ஊத்துங்க, நல்ல உரம்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி போனபோது செடியைப் பார்க்க முடியவில்லை, சுற்றிலும் பூனைகள். ஒன்று தொட்டிக்குள்ளேயே சுருண்டு படுத்திருந்தது. தேவகி என்மேல் கோபப்படவில்லை. "உரம் நல்ல உரந்தாம்மா. நீ குட்த்தது ஒரு செடி, வளந்துகினு கீறது அஞ்சு பூனை."

ஊருக்குப் போனவர்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தொட்டிகளை என் கடையில் விட்டுப் போவார்கள். எண்ணூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் குச்சியாய் நின்ற ஒரு ஆந்தூரியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அதில் சிவப்பாய் ஒரு பூ. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாங்க, இங்கயே இருக்கட்டும். எங்க வூட்டப் பாத்தா அதுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடும்."

மேலேயும் கீழேயும்

ராயபுரத்தில் அருள்தாஸ் அண்ணன் என்னை வரச் சொன்னது, செடிகளை எடுத்துப் போக. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. பால்கனித் தொட்டிகளிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டி, கீழ்வீட்டு ரெஜினாக்கா கோயிலுக்குக் கட்ட வைத்திருந்த வெள்ளைப் புடவை பாழாகிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: தொட்டி போகணும், இல்லையென்றால் நீங்கள் போகணும்.

சாக்கோடு உள்ளே போன எனக்குக் கை வரவில்லை. பக்கவாதம் வந்து படுத்திருந்த அவர் மனைவி பிலோமினாக்காவின் கட்டில் பால்கனியைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. பேச்சு சரியாக வரவில்லை. கண் மட்டும் என் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்து அத்த பாத்துகினுதாம்மா சாப்பிடுது" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டே.

சாக்கை மடித்து வைத்தேன். அறையின் கூரையில் துணி காயப்போடுகிற கம்பிகள், கயிறும் உருளையுமாகத் தொங்கின. அதைக் காட்டினேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார், முகமே மாறிவிட்டது. "லாரியையே எறக்கிக்கீறேன், இது இன்னா" என்று ஏணியைத் தேடினார். பெரிய தொட்டிகளை நான் எடுத்துக்கொண்டேன். சின்னச் செடிகளைச் செம்மண்ணிலிருந்து பிரித்து, கனமில்லாத தேங்காய் நார்த்தூளில் மாற்றி, கட்டிலுக்கு எதிரே தொங்கவிட்டோம். தண்ணீர் ஊற்றும்போது கயிற்றைத் தளர்த்தி வாளிக்குள் இறக்குவார். சொட்டி முடித்ததும் மெதுவாக மேலே ஏற்றுவார். பிலோமினாக்கா வலது கை விரலை அசைத்து, இன்னும் மேலே, போதும் என்று சைகை காட்டுவார்.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்தார், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜினாக்கா நம்பவில்லை, தானே வந்து பார்க்கணும் என்று மாடி ஏறினார். கூரையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தாராம். அடுத்த வாரம் நான் போனபோது பிலோமினாக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஒரு சொட்டும் விழுவதில்லையே என்றேன். சீப்பை நிறுத்தாமலே சொன்னார்: "அதான் பேஜாரா கீது. சண்ட போட்டுகினு இருந்தப்போ மேல ஏறி வர ஒரு காரணம் இருந்துச்சு, இப்போ இன்னா சொல்லிகினு வர்றது?"

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் உழன்று நான் கண்டது, நம் பக்கத்து வீடுகளில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, இடமும் இல்லை, ஆனாலும் செடி எப்படியோ பிழைத்துக்கொள்கிறது, வைத்துக் கொடுத்தவளுக்குத்தான் இடுப்பு போகிறது.