என் அட்டையில் விழாத கோடு

ஒரகடம் கம்பெனிகளில் வேலைக்குச் சேர வருகிறவர்களின் சிறுநீரில் போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சோதனை அட்டையில் கோடு விழுந்தால் சுத்தம். விழாவிட்டால் வேலை கிடையாது. புதுப் பெட்டி பிரித்தால் முதல் அட்டையை என் சிறுநீரில்தான் முக்குவேன். டீக்கு மேல் எதையும் அறியாத உடம்பு இது. இதில் கோடு விழுந்தால் பெட்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று காலை, அபின் வகைக்கான இடத்தில் கோடு விழவில்லை.

மட்டமான பெட்டியை அனுப்பிவிட்டான்கள் என்று திட்டிக்கொண்டே இன்னொன்றை முக்கினேன். அதிலும் இல்லை. பழைய பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்தேன். அதிலும் இல்லை. பதற்றத்தில் இருமல் வந்தது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாக இருமல் மருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன். அதில் கலந்திருப்பதும் அபின் வகைதான்.

அடுத்த நொடி இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வாரம் சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் இதே இடத்தில்தான் கோடு விழவில்லை.

"இருமல் மருந்துதான்க்கா குடிச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"இங்க வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. டாக்டர் சீட்டு வச்சிருக்கியா?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்க்கா. சீட்டு ஏது?"

நான் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. மறுசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். சோம்பல், திமிர், இரண்டும்தான். ரிப்போர்ட்டை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

என் அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் ஓடினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். "இருமல் மருந்து குடிச்சிருப்ப, அவ்ளோதானே. விடும்மா, வெளிய ஆளுங்க நிக்கிறாங்க பாரு" என்றார். என்னிடம் சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

மத்தியானம் ரிப்போர்ட்டிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் அட்டையில் கோடு விழாததையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டாள்.

"அய்யோ, அப்போ உங்களுக்கும் வேல பூட்ச்சாக்கா?"