பழைய வாஷர்

செக்கர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். முப்பது வருஷம் பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதித்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால்காரர், தபால்காரர், பெற்ற மகள், ஒருத்தரும் அதிலிருந்து தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவர் காரை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவாரா? நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை உடைசலை மாட்டி அனுப்புவான் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. அவர் இந்த உலகத்தில் நம்பியது அது ஒன்றைத்தான்.

காருக்கு இருபத்திரண்டு வயசு. பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு விட்டிருந்தது. மாலை நாலு மணிக்கு மகள் கைக்குழந்தையோடு அதே காரில் மலைப்பாதை இறங்கி, புது வேலைக்குப் போகிறாள். அதனால் மேலே கம்பி பின்னிய உறுதியான ஹோஸ்களாக வாங்கிவந்து, காலையிலேயே காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுக் கீழே படுத்தார்.

ஹோஸ் முனையைப் பிடிக்கிற போல்ட்டில் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் போட வேண்டும். கடைக்காரர் புது வாஷர்கள் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது சிரித்தாராம். போதாதா?

"எதுக்குச் சிரிச்சான்? மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டான்!" என்று அவற்றை ஓரமாக வீசினார். கழற்றிய பழைய வாஷர்களையே துடைத்து மாட்டினார். கம்பெனியிலேயே போட்டு வந்த அசல் அல்லவா!

அடுத்து ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பெடலை மிதிக்க மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"அப்படியே பிடி... ம், விடு."

சக்கரம் சக்கரமாக இது முடிந்தது. "இப்ப கடைசியா அழுத்திப் பிடி. நிக்குதா?"

"இல்லீங்க. மெல்ல மெல்ல இறங்குது."

"நீ மேல மேல மிதிக்கிறே. அதான்."

"வச்ச காலை வச்சபடிதான் வச்சிருக்கேன்."

"போன்ல யார்கூடவாவது பேசிட்டிருக்கியா?"

அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் சொல்றதை ஒரு தடவை நம்பியிருக்கீங்களா? நீங்களே மிதிச்சுக்கோங்க!" கார் கதவை அறைந்துவிட்டு வீட்டுக்குள்ளே போய்விட்டாள்.

நடிக்கிறாளோ என்று ஒரு கணம் யோசித்தார், அந்தப் புண்ணியவான். பிறகு தானே ஏறி மிதித்தார். பெடல் அவர் காலுக்கடியிலும் மெல்ல இறங்கியது.

கீழே போய் டார்ச் அடித்தார். போல்ட்டில் ஈரம். சிந்தின ஆயிலாக இருக்கும் என்று துடைத்தார். மறுபடி ஈரம். போல்ட்டைக் கழற்றி வாஷரைப் பார்த்தார். பழைய இடத்தில் இத்தனை வருஷம் நசுங்கி, வளையமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது. நசுங்கி அடைப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை ஒரு தடவைதான் செய்யும், அதை அது செய்து முடித்தாயிற்று. கடைக்காரர் கொடுத்தது வழவழவென்று சமமாக இருந்தது. மலைப்பாதையும் பேத்தியின் சின்னக் காலும் அவர் கண்முன்னே வந்தன. குற்றம் சாட்ட ஒருத்தரும் கிடைக்கவில்லை.

எல்லா வாஷரையும் மாற்றினார். சமையலறை வாசலில் போய் நின்றார். "தப்பு என்னோடதுதான். கொஞ்சம் வந்து மிதிக்கிறியா?"

அவள் வந்தாள். மறுபடியும் காற்றெடுப்பு.

"நிக்குதா?"

"நிக்குது. கல்லு மாதிரி."

"நீ சொன்னா சரிதான்" என்று எழுந்து கையைத் துடைத்தார். குழந்தையோடு வாசலுக்கு வந்த மகள் சாவிக்குக் கை நீட்டினாள்.

"இருடி!" மனைவி சாவியைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள். "முதல்ல நீங்க மேட்டுல ஏறி, இறக்கத்துல நாலு தடவை பிரேக் போட்டுப் பாத்துட்டு வாங்க."

"அதான் நிக்குதுன்னு நீயே சொன்னியே!"

"நான் சொன்னதை நான் நம்பறேன். நீங்க மாட்டினதைத்தான் நம்பல."

செக்கர் காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். போய், நாலுக்கு எட்டுத் தடவை பிரேக் போட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குள் அவள் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்துவைத்திருந்தாள். சக்கரங்களை அவற்றின்மேல் நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் காத்திருந்தாள். பிறகு குனிந்து, ஆயில் சொட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தாளையும் தடவிப் பார்த்தாள். டிக்கெட்டைத் தொலைத்த பயணி மாதிரி, அவர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"காஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் சாவியை மகளிடம் கொடுத்தாள்.