ஒரு சனிக்கிழமைக்காகத் திறந்த மோட்டார்

எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவனை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். ஆளும் ஒல்லி, தொழிலும் ஊசியோடுதான். கார், லாரிகளுக்கு சீட் தைக்கிற பட்டறையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறான். நான் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவன் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தான். என்னை அக்கா என்பான். அதற்கு மேல் அதிகம் பேசமாட்டான். யாராவது "சாப்டியா?" என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

அந்த வாயில்லாத்தனம்தான் குடும்பத்தைப் பிரித்தது என்று ஒருமுறை அவனே சொன்னான். மனைவி ஆறு வயது மகளோடு முப்பத்துநாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குப் போய்விட்டாள். சண்டை, கைகலப்பு எதுவும் கிடையாது. "எதையுமே சொல்லாத மனுஷனோட எப்படி வாழறது?" என்பது அவள் கேள்வி. அதற்கும் இவன் பதில் சொல்லவில்லை. நீதிமன்றம் ஓர் ஏற்பாடு செய்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, அந்த ஊர் அலுவலகம் ஒன்றில், பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை மகளைப் பார்க்கலாம். பத்தேகாலுக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஒரு வருஷத்தில் மூன்று முறை அப்படி எழுதினால் சந்திப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைத் திரும்ப நீதிபதியிடம் அனுப்புவார்கள்.

முதலில் ஒருமுறை பஸ் வழியில் நின்றுபோய், வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். பத்து மணிக்குள் போய்ச் சேரும் அந்தச் சனிக்கிழமை பஸ்ஸையே அதன் பிறகு நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தான். காலையில் டிரைவர் போனை அணைத்துவிட்டான். இவன் வேறு காரைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். மகள் போய்விட்டிருந்தாள், இரண்டாவது முறையும் எழுதியாகிவிட்டது.

இடது கண்ணில் பிறவியிலேயே பார்வை குறைவு, அதனால் அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் கேட்காத வண்டி எலெக்ட்ரிக் சைக்கிள் ஒன்றுதான். அதை வாங்கிய பிறகு ஐந்து சனிக்கிழமைகள் ஒன்பதரைக்கே போய் அலுவலக வாசலில் நின்றான். திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இன்னைக்கு என் மடியில தூங்கிட்டா அக்கா" என்று தானாக வந்து சொன்னவன் அவன்.

அந்த வண்டிதான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து திரும்பும்போது நின்றுபோனது. பின் சக்கரத்தின் நடுவில் பெரிய வட்ட டப்பா மாதிரி இருக்குமே, அதற்குள்தான் மோட்டார். இரண்டு தடவை இருமி, ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிவிட்டது. தள்ளினாலும் லேசில் உருளவில்லை. சண்டி மாடு மாதிரி முரண்டு பிடித்த அதை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தான். மூலைச் சைக்கிள் கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"மோட்டார் போச்சு. புதுசு வரவழைக்கணும். பத்து நாள் ஆகும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு என் கடைக்கு வந்தான். "அக்கா, உங்ககிட்ட ஒயர் டெஸ்ட் பண்ற மீட்டர் இருக்குல்ல?"

இருபது வருஷமாக ஜெராக்ஸ் மெஷின்களைத் திறந்து மூடுகிறவள் நான். மெக்கானிக் வருவான் என்று காத்திருந்தால் கடைக்குப் பூட்டுத்தான் போட வேண்டும். மீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இருந்தது. ஆனால் அதை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டேன்.

"ஏன்ப்பா, நாளைக்கு ஒரு நாள் கார் பிடிச்சுப் போயேன்."

"ரெண்டாவது தடவை தவறினதும் கார்தானே அக்கா."

"சரி, உன் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டு வண்டி ரிப்பேர்னு சொல்லிடு. அவ ஆபீஸ்ல சொல்லட்டும்."

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டு தடவை சொல்லிட்டேன். மூணாவது தடவையும் சொன்னா கதைன்னுதான் நினைப்பா."

சரி என்று கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் சக்கரம் குளிர்ஜுரம் வந்தவன் போல நடுங்கியதே தவிர சுற்றவில்லை. மோட்டாருக்குப் போகும் மூன்று தடிமனான ஒயர்களையும், கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோல் பெட்டியிலிருந்து கழற்றினேன். கோளாறு பெட்டியில் இருந்தால் இப்போது சக்கரம் சும்மா சுற்ற வேண்டும். சுற்றவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி விட்டுவிட்டு இறுகியது. மீட்டர் வைத்துப் பயனில்லை. மோட்டாரின் செம்புச் சுருளுக்குள் அந்த மூன்று ஒயரும் எப்படியும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருக்கும், கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் காட்டும்.

"உள்ள ஒயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருக்கு தம்பி. திறந்தாத்தான் தெரியும்."

சக்கரத்தைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இரும்பு அச்சின் நட் கையாலேயே சுழன்றது. அச்சு இருந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டு, அதன் ஓட்டை வழியாக வெளியே வரும் ஒயரையும் கயிறு திரிக்கிற மாதிரி திரித்திருந்தது. அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ள நாக்கு வைத்த ஒரு வாஷர் இருக்க வேண்டும். அது இல்லை.

"போன வாரம் பஞ்சர் ஒட்டினேன்," என்றான். "அந்த வாஷர் சரியா உட்காரல. அப்புறம் பார்த்துக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

மடேர் என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நானே தான் அக்கா. பஸ்காரனும் இல்ல, டிரைவரும் இல்ல. நானே."

"அழுறதுன்னா அப்புறம் அழு. இப்ப ஸ்க்ரூவைக் கழட்டு."

மூடியில் பன்னிரண்டு ஸ்க்ரூ. ஒன்றின் தலை மழுங்கிப்போயிருந்தது. அதோடு மட்டும் ஒரு மணி நேரம் போராடினோம். மூடி திரும்ப எந்த வாக்கில் உட்கார வேண்டும் என்று நான் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் மோட்டார் திறக்கவில்லை. உள்ளே சுற்றிலும் காந்தம். நடுவில் இருக்கும் சுருளை அது விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மரக்கட்டையில் அச்சை நிறுத்தி, இருவரும் இரண்டு பக்கம் நின்று ரிம்மைக் கீழே அழுத்தினோம். மூன்றாவது அழுத்தில் 'டப்' என்று சுருள் மேலே எழும்பியது. அதே வேகத்தில் காந்தம் திரும்ப இழுத்தது. அவன் கட்டைவிரல் இடையில் மாட்டிக்கொண்டது.

நான் ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாகக் கொடுத்து விரலை விடுவித்தேன். நகம் கறுத்துப்போயிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, "இன்னொரு தடவை அக்கா" என்றான்.

இந்தத் தடவை முழுசாக வெளியே வந்தது. கருகின வார்னிஷ் நாற்றம் கடையை நிறைத்தது. நல்லவேளை, சுருள் பிழைத்திருந்தது. அச்சின் ஓட்டைக்குள் ஒயர் நுழைகிற இடத்தில்தான் கொலை நடந்திருந்தது. தடிமனான இரண்டு ஒயர்களின் தோல் சீவப்பட்டுச் செம்பும் செம்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் மெல்லிய ஒயர்களிலும் இரண்டு அறுந்து, எது எந்த நிறம் என்றே தெரியாமல் கறுத்துக் கிடந்தன.

தடிமனான ஒயர் எங்கே தேடுவது? என்னிடம் இல்லை. சைக்கிள் கடையில் இல்லை. அவன் பட்டறைக்கு ஓடி, சீட்டைச் சூடாக்குவதற்காகப் போடுகிற ஒயரில் ஒரு கட்டு வாங்கி வந்தான். நான் பழைய ஒயரோடு வைத்துப் பார்த்தேன்.

"கொஞ்சம் ஒல்லியா இருக்கே தம்பி."

"நானும்தான் ஒல்லி. ஓடலையா?"

அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அச்சின் ஓட்டை வளைந்து போகும். அதற்குள் ஒயரை நுழைப்பது ஒட்டகத்தை ஊசிக்காதில் நுழைப்பது மாதிரிதான். அங்கேதான் அவன் கை பேசியது. சீட் தைக்கிற வளைந்த ஊசியில் நூலைக் கோத்து உள்ளே விட்டு, மறுபக்கம் பிடித்து, நூலின் நுனியில் ஒயரைக் கட்டி ஒவ்வொன்றாக இழுத்தான். காயம்பட்ட விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, மூச்சு விடாமல் செய்தான். நான் சால்டர் வைத்தேன். அறுந்த இரண்டு மெல்லிய ஒயர்களையும் குத்துமதிப்பாக இணைத்தோம். மூடும்போது காந்தம் தானே இழுத்துக்கொண்டது. இந்தத் தடவை விரல்கள் எட்டியே இருந்தன.

ஆக்சிலேட்டரைத் திருகினான். பழையபடி நடுக்கம்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது: குத்துமதிப்பாக இணைத்தது இடம் மாறியிருந்தால்? வெளிப்பக்க இணைப்பில் அந்த இரண்டு மெல்லிய ஒயர்களை மட்டும் இடம் மாற்றினேன்.

"தம்பி, திருகு."

அவன் எழவில்லை. நானே திருகினேன். சக்கரம் சர்ரென்று சுற்றியது. தலையைத் தூக்கி, சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே அப்போதுதான் தெருவிளக்கு போட்டார்கள். நாக்கு வாஷரை அவனே தேடி எடுத்து, இந்தத் தடவை சரியாக உட்கார வைத்து, நட்டை முழு பலத்தோடு இறுக்கினான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டான். ஒன்பதரை வாக்கில் எனக்குப் போன்.

"அக்கா." காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல். "ஏத்தத்துல புகை வந்துச்சு. திரும்பவும் பிடிச்சுக்கிச்சு. இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கு."

ஒல்லி ஒயர்! ஆள் ஏறாமல் சுற்றவிட்டுப் பார்த்ததோடு சரி, ஏற்றத்தில் ஆளைச் சுமக்கும்போது அது கொதிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"முக்கால் மணி நேரமாக் கையக் காட்டினேன், யாரும் நிறுத்தல. வண்டியைப் போட்டுட்டு ஓடட்டுமா?"

"ஓடு. ஓடறதுக்கு முன்னாடி அவளுக்குப் போன் பண்ணு."

"நம்பமாட்டா அக்கா."

"நம்பாட்டிப் போகட்டும்டா! சொல்லாம இருந்து இருந்துதானே இவ்வளவும் ஆச்சு? சொல்லித் தொலை!"

கத்திவிட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். அதன் பிறகு நடந்தது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு கம்பத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு ஓடினான். மூச்சு வாங்கி நின்றபோது மணி பத்து, அங்கிருந்துதான் மனைவியைக் கூப்பிட்டான். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்காமல் வாஷர், பஞ்சர், காந்தம், விரல், ஒயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். கடைசியில், "நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. எங்க நிக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். விதி விதிதான் என்றார் அதிகாரி. பத்தேகாலுக்கு 'தந்தை வரவில்லை' என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவள் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் சொன்ன சாலைக்கு வந்தாள். இவன் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்து, ஒரு சிறு பாலத்தின் சுவரில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது கணக்குல வராது," என்றாள் இறங்கியதும். "தெரிஞ்சுக்கோ."

"தெரியும்."

மகள் கொஞ்ச நேரம் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கியவள் அவன் கறுப்புக் கைகளைப் பார்த்து முகம் சுளித்தாள். "அப்பா, தொடாத. கை அழுக்கு." அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து, அவள் தோழியின் பூனை மூன்று குட்டி போட்ட கதையைக் கேட்டான். கிளம்பும்போது அவள் அவன் விரலில் சுற்றியிருந்த துணியை மட்டும் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா?" என்றாள். வலிக்குது என்றான்.

ஒரு காய்கறி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தான். என் கடை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். "ஒயர் ஒல்லின்னு தெரிஞ்சும் விட்டுட்டேன்ப்பா" என்றேன். "ரெண்டு பேருக்கும்தான் தெரியும் அக்கா" என்றான். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சந்திப்பை இரண்டு மாதம் நிறுத்தினார்கள். அந்த இரண்டு மாதமும் அவன் சரியாகச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் அவன் அறையில் ஆள் நடமாடுகிற சத்தம்கூடக் கேட்காது. கையில் காப்பி டம்ளரோடு மாடியேறிப் போய் நானே கதவைத் தட்டுவேன். விசாரணையில் மனைவி, அவர் வேண்டுமென்றே வராமல் இருந்தவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். நீதிபதி மாதத்துக்கு ஒரு முறை என்று குறைத்தார். ஆனால் நேரத்தைப் பகல் பன்னிரண்டுக்கு மாற்றினார். பதினொன்றரைக்கு அங்கே போய்ச் சேரும் பஸ் ஒன்று உண்டு.

முதல் தடவை போனபோது மகள் பத்து நிமிஷம் அம்மாவின் பின்னாலேயே நின்றாளாம். முன்பல் ஒன்று விழுந்திருந்ததாம். இவன் கூப்பிடவில்லை, கையை நீட்டவும் இல்லை. நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து, "பூனைக்குட்டிக்கெல்லாம் என்ன பேர் வெச்சீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவள் ஒரு குட்டியின் பேரை மட்டும் சொன்னாளாம்.