ரஹமத் அக்காவை அட்மினிலிருந்து எடுத்த பதினோரு நாள்

ரஹமத் அக்கா கவனித்தாரா, இல்லையா? எங்கள் வலைப்பூவில் அவர் பெயருக்கு எதிரே இருந்த 'அட்மின்' என்பதை நான், தன் பதிவை மட்டும் எழுத முடிகிற 'ஆத்தர்' என்று மாற்றி வைத்திருந்த பதினோரு நாளில், ஒருமுறையாவது உள்ளே போய், செட்டிங்ஸ் காணாமல் போனதைப் பார்த்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டாக வலைப்பூ தொடங்க நினைப்பவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. மூன்று பேர், மூன்று விதி

குழந்தை பிறக்கும்வரை காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், ஆன்லைன் ஆர்டர் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்களின் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத வேண்டும். பாதிக் கேள்விகள் ஜரிகையைப் பற்றித்தான் இருக்கும். எந்தக் கடையையும் சாராமல் அவற்றுக்குப் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று அப்போதே தோன்றியது. மகள் ப்ளேஸ்கூல் போகத் தொடங்கியதும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தி ஸ்டெல்லா. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று காட்டும் டெஸ்டிங் மெஷினில் வேலை செய்கிறாள். இன்னொருவர் ரஹமத் அக்கா. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஜரிகை வியாபாரம்.

இரண்டு மாதம் திட்டம் போட்டோம். கடைப் பெயர் எழுதக் கூடாது. மற்ற இருவரும் படிக்காமல் எந்த டிராஃப்டும் வெளியே போகக் கூடாது. மூன்று பேருமே அட்மின். கடைசி விதியைச் சொன்னது நான்தான்.

முதல் பதிவை அக்கா எழுதினார். அசல் ஜரிகைக்கும் வெள்ளி குறைந்த ஹாஃப் ஃபைன் ஜரிகைக்கும் என்ன வித்தியாசம், பில்லில் எதை எழுதி வாங்க வேண்டும் என்பது விஷயம். 'ஹாஃப் ஃபைன் விற்பது தப்பில்லை, அதை அசல் என்று விற்பதுதான் தப்பு' என்று அதில் ஒரு வரி. கீழே எங்கள் மூவர் பெயரும் இருந்தன.

வெளியிட இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவி அம்மன் சன்னதியில் வைப்பதுபோல் முதல் பதிவையும் வைத்து எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வைக்க ஏதாவது கையில் வேண்டுமே, அதனால் பிரிண்ட் எடுக்கலாம் என்றேன்.

"அம்மனுக்கு லிங்க் அனுப்பினா பாக்க மாட்டாங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"நீ சும்மா இரு," என்றார் ரஹமத் அக்கா. "அவ மனசுக்குத் திருப்தின்னா செஞ்சிட்டுப் போவட்டும். எனக்கும் சேத்து வேண்டிக்கமா."

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். முதல் தாள் மங்கலாக வந்தது. கடைக்காரர் அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து, குங்குமத்தோடு வாங்கி வந்தேன்.

2. மேனேஜரின் போன்

மூன்றாம் நாள், மகளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது பழைய கடை மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, வேலைய வுட்டுட்டு ரைட்டர் ஆயிட்டியாமே?" என்று ஆரம்பித்து, அந்த ஹாஃப் ஃபைன் வரியை அப்படியே படித்துக் காட்டினார். எனக்குக் கை நின்றுவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது. படிச்சிக்கினுதான் இருக்கேன். ரஹமத் வூட்டுக்காரர்தான் நமக்கு ஜரிகை குடுக்கிறாரு, தெரியுமில்ல?"

தெரியும். அன்றைக்கு அது மட்டும்தான் என் காதில் விழுந்தது. டிராஃப்டைப் பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் அந்தக் கடையோடு தொடர்பு உள்ளவர் ஒருவர். யார் சொன்னது என்பதை மேனேஜர் தன் வாயாலேயே உளறிவிட்டதாக நினைத்தேன்.

அதன்பின் எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. ஒரு வரியைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று அக்கா முன்பு கேட்டது, நான் அனுப்பிய செய்திக்கு ஒருநாள் தாமதமாகப் பதில் போட்டது, எல்லாம். ஸ்டெல்லாவின் மெஷினுக்கும் அந்தக் கடைப் புடவைகள் வருகின்றன. அவளை நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அன்று மாலையே அக்காவை ஆத்தராக மாற்றினேன். இரண்டாம் பதிவின் டிராஃப்டை என் போனிலேயே வைத்துக்கொண்டேன். ஏன் தாமதம் என்று அக்கா கேட்டதற்கு, குழந்தைக்கு ஜுரம் என்று பொய் சொன்னேன். அவர் தினமும் ஜுரம் விட்டதா என்று விசாரித்தார். அதையும் வேவு பார்ப்பதாகவே எடுத்துக்கொண்டேன்.

3. லேபிள் கட்டு

ப்ளேஸ்கூலில் கேட்ட சான்றிதழ்களை நகல் எடுக்க மறுபடியும் அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பழைய கடையின் விலை லேபிள்களை அடுக்கி, ஒவ்வொரு கட்டையும் கெட்டுப்போன தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எப்போதும் இப்படித்தான் சுற்றிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"வேஸ்ட் பேப்பர்தானம்மா. அன்னிக்கு உங்களுது ஒண்ணு மங்கலா வந்துச்சே, அதுகூட இவங்க கட்டுலதான் போச்சு. ஏன், வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நகல்களை அங்கேயே மறந்துவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவை அட்மினாக்கினேன்.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். எனக்குப் போன் வந்த அதே நாளில் மேனேஜர் அக்காவின் கணவரையும் கூப்பிட்டிருக்கிறார். ஜரிகை வேறு இடத்திலும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி கணவர் அக்காவைக் கேட்டிருக்கிறார்.

"எழுதினது நான்தானே, பேரு இருக்கட்டும்னுட்டாங்களாம்," என்றாள் ஸ்டெல்லா. "உன் கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல, இதையும் சொல்லி உன்னை பயமுறுத்தக் கூடாதுன்னு எங்கிட்ட சொன்னாங்க."

என்னிடம் மேனேஜர் சொன்னது துப்பு இல்லை, மிரட்டல். மிரட்டப்பட்டவரைத்தான் நான் வெளியே தள்ளியிருக்கிறேன்.

குறித்த வெள்ளிக்கிழமை பதிவு வெளியானது. பப்ளிஷ் பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும் என்று அக்காவைக் கேட்டுக்கொண்டேன்.

"நீயே பண்ணிடுமா. நான் எழுதி அனுப்பறேன், அது போதும்," என்றார்.

அதிலிருந்து அவர் எழுதுவதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. கணவருக்காக விலகி நிற்கிறாரா, என்னால் விலகிவிட்டாரா? குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மேனேஜர் இதுவரை ஒன்றும் செய்யவில்லை.

கற்றுக்கொண்டது இதுதான். டிராஃப்ட் திரையில் மட்டும் இருப்பதில்லை. எங்கெல்லாம் போயிற்று என்று எழுதி வையுங்கள், கெட்டுப்போன பிரிண்டையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். ஒருவருடைய உரிமையை மாற்றுவதானால் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால், மாற்றுவதற்கான காரணம் உங்களிடம் இல்லை என்று அர்த்தம்.

இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடு என்கிறாள் ஸ்டெல்லா. சொன்னால் உனக்கு மனம் லேசாகும், அவருக்குக் கனமாகும் என்கிறார் என் கணவர். அக்கா ஒன்றுமே கவனிக்காமல் இருந்திருந்தால், நானே போய்ச் சொல்லி அவரைக் காயப்படுத்தலாமா? கவனித்துவிட்டு எனக்காகப் பேசாமல் இருக்கிறார் என்றால், நான் இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? கூட்டாக எழுதிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள், அவரிடம் நான் போகட்டுமா?