மாரியம்மன் இறக்கிவைத்த அடுப்பு

எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பீங்கான் அடுப்பைப் படியில் ஏற்றவும் தெரியும், இறக்கவும் தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது இதைக் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டால் ஒரு கும்பிடு கூடுதலாகப் போடுவேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்வராயன் மலையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். அங்கே கோழி சுடுவதற்கென்று ஒரு அடுப்பு இருந்தது. முழுக்கப் பீங்கான். பச்சை நிறத்தில் பெரிய முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். மேல்பாதி மூடி, கீழ்பாதி அடுப்பு. விடுதியை மூடியபோது முதலாளி, "இத மலையவுட்டு எறக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல, நீயே எடுத்துக்கோப்பா" என்று மாமாவிடமே விட்டுவிட்டார். மாமா அந்த அடுப்பை நம்பித்தான் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். இனி யாரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தமாகக் கடை போட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை.

வைக்கோலும் சாக்கும் பழைய மெத்தையும் சுற்றி, ஒரு சின்ன லோடு வண்டியில், மலை வளைவுகள் அத்தனையும் கடந்து அது ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவே வந்து பார்த்தது. "இம்மாம் பெரிய ஜாடியில எவ்ளோ ஊறுகா போடுவீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். "உன் வாய அடைக்கிற அளவுக்குப் போடுவோம்" என்றாள் அம்மா.

அன்றைக்குச் சாயங்காலமே, அம்மா சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அதை எப்படித் தூக்க வேண்டும் என்று மாமா விளக்கமாகச் சொன்னார். "அக்கா, மொதல்ல உள்ள இருக்கிற கம்பிச் சல்லடைய எடுத்துடணும். அப்புறம் வளையம். அப்புறம் நெருப்புக் கிண்ணம். அதுங்களே பாதி கனம். மூடிய கயிறு போட்டு இறுக்கிக் கட்டணும். பக்கத்துக் கைப்பிடியப் புடிச்சுத் தூக்கவே கூடாது, வயித்துக்குக் கீழதான் கை குடுக்கணும். படிக்குப் படி சாக்கு போட்டு உக்கார வெச்சு உக்கார வெச்சுப் போனா ஒன்னும் ஆவாது." அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "சரி, சாப்புடு, ஆறுது" என்றாள். அவள் காதில் எதுவும் ஏறியதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அடுப்பைச் சைக்கிள் கடை மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். அப்பா அதற்குள் கோயில் பூசாரியை அழைத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டில் எது வந்தாலும் முதலில் அம்மனுக்குக் காட்ட வேண்டும். என் பள்ளிக்கூடப் பைக்குக்கூடக் குங்குமம் வைத்துத்தான் கொடுப்பார் அப்பா. அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்கிறேன். பூசாரி அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார், பூசணிக்காய் சுற்றி உடைத்தார், கற்பூரம் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் கிழங்கு முடிந்த நூல் ஒன்றை மூடியும் அடுப்பும் சேரும் இடத்தில் சுற்றிக் காப்பு கட்டிவிட்டார்.

மாமாவின் முகம் சுருங்கியது. "மாமா, உள்ள இருக்கிறத எடுத்துட்டுக் காப்பு கட்டியிருக்கலாமே" என்றார். அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"கட்டியாச்சு. அடுப்புல தீ மூட்டுற வரைக்கும் அதப் பிரிக்கக்கூடாது" என்றார் அப்பா.

"கனம் ஜாஸ்தி மாமா."

"எனக்குக் கனத்தப் பத்தி நீ சொல்றியா?"

அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அதுமட்டும் இல்லை. திருவிழாவில் அம்மன் ஊர்வலம் வரும்போது பல்லக்கின் பின்கொம்பு அப்பாவுக்குத்தான். கோயில் படி ஏறும்போது முன்னால் போகிறவர்கள் கொம்பைக் கையளவில் தாழ்த்திப் பிடிப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் தோளுக்கு உயர்த்துவார்கள். அம்மன் சாயாமல் நேராக வீற்றிருப்பாள். அதே மாதிரி இந்த அடுப்பையும் ஏற்றிவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். இரண்டு மூங்கில் கொம்பு வைத்துக் கட்டி, முன்னால் மாமாவும் ஆலைக்காரர் ஒருவரும், பின்னால் அப்பாவும் இன்னொரு ஆலைக்காரரும் நின்றார்கள். "தாயே" என்று சொல்லித் தூக்கினார்கள்.

நான் சைக்கிள் கடை வாசலில் நின்றேன். அம்மா ஆரத்தித் தட்டோடு முதல் படிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்த மாடிப்படி கோயில் படி மாதிரி இல்லை. சுவரை ஒட்டிய ஒடுக்கமான படி, ஏணியைச் சாய்த்து வைத்தது மாதிரி செங்குத்து. கைப்பிடிக் கம்பி இருந்த இடத்தில் துரு மட்டும்தான் இருந்தது. சில படி ஏறியதும் அப்பா தோளை எவ்வளவு உயர்த்தியும் அடுப்பு நேராக நிற்கவில்லை, பின்பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். வளையமும் கிண்ணமும் சரிந்து அப்பா பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டன. மூடி மெல்லத் தூக்கிக்கொண்டு காப்பு நூல் விறைத்தது. அந்த ஒரு நூல்தான் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, உட்டுடாதீங்க" என்றார் மாமா மேலிருந்து. அவரால் மேலே இழுக்கவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை.

"அண்ணே, என் கொம்பு வழுக்குது" என்றார் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆலைக்காரர்.

"ஒன்னும் ஆவாது, ஏத்து" என்றார் அப்பா. அவர் குரல் அவருடைய குரலாக இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வலது கால் படி ஓரத்தில் பாதிதான் ஊன்றியிருந்தது, அது ஆடிக்கொண்டே இருந்தது.

"எறக்கிடலாம் மாமா. பிரிச்சு எடுத்துக்கினு போலாம்."

"காப்பு கட்டினதுடா. பிரிக்கக்கூடாது. ஏத்துன்னு சொல்றேன் இல்ல?"

கீழே பூசாரியும் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி விஷயத்தில் அப்பாவிடம் யார் பேசுவது?

அப்போது தட்டு கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. உடம்பு குலுங்கியது. "ஏய்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்மாவுக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. திருவிழாவில் மற்ற பெண்கள் ஆடும்போது அவர்களுடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவள் அம்மா. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பூசாரி வேப்பிலையோடு வந்தார். "தாயே, வந்திருக்கிறது யாரு?"

"நாந்தாண்டா. தெனம் வெளக்கு ஏத்துறவன் என்னையே யாருன்னு கேக்குறியா? தள்ளு." அவரைத் தள்ளிவிட்டு அம்மா படியைப் பார்த்துத் திரும்பினாள். "டேய், பின்கொம்பு புடிக்கிறவனே. ஏத்தாத. எறக்கு."

அம்மா அப்பாவை 'டேய்' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"தாயே" என்றார் அப்பா.

"சாக்க எடுத்துப் படிக்குப் படி போடுங்கடா. உக்கார வெச்சு உக்கார வெச்சு எறக்குங்க. மேல நிக்கிறவனுங்க கொம்ப வுடாதீங்க. கீழ நிக்கிறவன் அடுப்புக்கு நேரா நிக்காத, சுவத்தோரம் ஒதுங்கு."

வண்டியில் வந்த சாக்குகளைச் சைக்கிள் கடைக்காரர் ஓடி எடுத்து வந்து போட்டார். ஒரு படியில் உட்கார வைத்து மூச்சு வாங்கினார்கள். அப்புறம் அடுத்த படி. அப்பா சுவரோரம் ஒதுங்கி, தோளால் தாங்காமல் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வழியாக அடுப்பு தரையைத் தொட்டது.

பூசாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "காப்ப அவுத்தா குத்தம் ஆயிடாதா தாயே?"

"அது யாரு காப்பு? என் காப்பு. நானே அவுக்குறேன்." அம்மா குனிந்து அந்த மஞ்சள் நூலை அவிழ்த்தாள். அதைத் தூர எறியவில்லை. அப்பாவின் வலது கையை இழுத்து, மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். உள்ளங்கையில் கொம்பு அழுத்திய தடம் சிவந்து கிடந்தது. அம்மன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "மொதல்ல சல்லடைய எடு. அப்புறம் வளையம். அப்புறம் நெருப்புக் கிண்ணம். மூடிய இறுக்கிக் கட்டு. கைப்பிடியப் புடிக்காத, வயித்துக்குக் கீழ கை குடு."

மாமா வாயைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு சல்லடையை எடுத்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கோழி அறுக்காத வெள்ளிக்கிழமையில், கூழ் குடிக்கிற எங்கள் தெரு மாரியம்மனுக்கு, மலை விடுதியின் பீங்கான் அடுப்பைப் பற்றி இத்தனை விவரம் தெரிந்திருக்கிறதே. மாமா சொன்ன அதே வரிசையில் வேறு சொல்கிறாளே. தெய்வத்துக்குத் தெரியாதது உண்டா என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்த பிறகு அடுப்பு பாதிக் கனம்கூட இல்லை. கட்டில் கயிற்றால் உறி மாதிரி பின்னி, சாக்குமேல் உட்கார வைத்து வைத்து, பேசிக்கொண்டே மேலே கொண்டுபோய்விட்டார்கள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. கடைசிப் படி ஏறியதும் அம்மாவுக்குச் சாமி மலையேறிவிட்டது. பூசாரி திருநீறு பூசினார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, "இன்னா ஆச்சு? எல்லாம் மேல போயிடுச்சா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அன்றைக்குக் கோழி சுடக்கூடாது என்பதால் மக்காச்சோளக் கதிரைச் சுட்டு எல்லோருக்கும் கொடுத்தார் மாமா. அப்பா ஒரு கதிரைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறுது, துன்னுங்க" என்றாள் அம்மா. அப்பா தின்றார். அந்த மஞ்சள் நூலை, தானாக நைந்து விழும்வரை, அவர் அவிழ்க்கவில்லை.

எனக்கு இப்போது கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, ஒரு குடும்பம் நடத்துவது என்னவென்று தெரிந்துவிட்டது. யாராவது இந்தக் கதையைக் கேட்டு ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு வந்தது அம்மன்தான் என்றுதான் நான் சொல்வேன். அவள் யார் வாயால் பேச வேண்டும் என்பது அவள் இஷ்டம்.

அடுத்த வருஷம் சைக்கிள் கடைக்காரர் வேறு இடம் போய்விட, மாமா கீழேயே கடையை எடுத்துக்கொண்டார். அடுப்பை மறுபடி அதே படியில் இறக்க வேண்டும். அதே நான்கு பேர். பூசாரி தட்டோடு முன்னாலேயே வந்து நின்றார். அப்பா அவரிடம் பணிவாக, "கொஞ்சம் பொறுங்க சாமி. பிரிச்சு எறக்கி வெச்சுடறோம். பூஜையும் காப்பும் அப்புறம் கட்டிக்கலாம்" என்றார். சல்லடையை அவரே முதலில் எடுத்தார். வளையத்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தானே கீழே கொண்டுவந்து வைத்தார். கயிறு கட்டினார், சாக்கு போட்டார், மாமா எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து அடுப்பு கீழே வந்து சேர்ந்தது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். "இன்னாம்மே, இன்னிக்கு உங்கம்மன் ஒன்னுமே சொல்லலியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க ஒழுங்கா செய்யறப்போ அவ எதுக்கு வரா? அவளுக்கு வேற வேலவெட்டி இல்லியா?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா சுவர் பக்கம் திரும்பி நின்றார், அவர் தோள் குலுங்கியது. காப்பாற்றின தெய்வத்தை இப்படிக் கேலி செய்கிறார்களே, கோபம் வந்துவிடப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி, அவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.